நேப்பிள்ஸின் தெருமுனை விளக்குகள்: ஈஸ்டர் நாட்களின் பயணக் குறிப்புகள்

வெள்ளி

பொம்பெய், வெசூவியஸ், பிட்சா என்றுதான் எல்லோரும் நேப்பிள்ஸுக்குக் கிளம்புகிறார்கள். நான் கிளம்பியது இந்த ஊரின் தெருமுனைகளுக்காக. பழைய நகரத்தில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும், திரும்பும் இடத்துச் சுவரில் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே ஒரு மாடம் இருக்கும். அதற்குக் கண்ணாடிக் கதவு, உள்ளே மாதா சுரூபம், முன்னால் இரும்புக் கொக்கியில் தொங்கும் விளக்கு. 'எடிக்கோலா' என்கிறார்கள். சில மாடங்கள் பளிங்கில் செதுக்கிய சிறு கோயில் மாதிரி இருக்கின்றன. சில வெறும் அலுமினியச் சட்டமும் கண்ணாடியும்தான். விளக்கு மட்டும் எதிலும் தவறுவதில்லை.

தங்கியிருப்பது சனித்தா என்ற பகுதியில். பழைய கோட்டைச் சுவருக்கு வடக்கே, வெளிப்பக்கம். பெட்டியை அறையில் வைத்துவிட்டு வெர்ஜினி தெருவில் இறங்கியபோது இருட்டிவிட்டது. மீன் கடைக்காரர்கள் தண்ணீர் அடித்துத் தெருவைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். பெரிய வெள்ளியாதலால் கூட்டம் குறைவு. சந்துகள் ஆறேழு அடி அகலம்தான். இருபக்கமும் ஐந்து மாடி, ஆறு மாடிக் கட்டடங்கள். பகலிலேயே வெயில் எட்டிப் பார்க்காத இந்த இடத்தில், தெருவிளக்கு இல்லாத காலத்தில் இரவு எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துக்கொண்டே நடந்தேன்.

அந்த இருட்டோடு மல்லுக்கு நின்றவர் ஒருவர் உண்டு. கிரகோரியோ மரியா ரோக்கோ என்ற தொமினிக்கன் சபைத் துறவி (1700–1782). ஊரே அவரைப் 'பாத்ரே ரோக்கோ' என்றுதான் சொல்லும். கையில் தடியோடு சந்து சந்தாகச் சுற்றுவார், சூதாட்டக் கூடங்களுக்குள் புகுந்து ஆட்களை விரட்டுவார் என்று கதைகள் இருக்கின்றன. மன்னர்களிடமும் அவருக்குச் செல்வாக்கு. 1751-இல் மன்னர் கார்லோ கட்டத் தொடங்கிய மாபெரும் ஏழைகள் இல்லத்துக்குப் பின்னால் இருந்ததும் அவருடைய வற்புறுத்தல்தான். 350 மீட்டருக்கும் மேல் நீளும் அந்தக் கட்டடத்தின் முகப்பு இன்றும் ஃபோரியா தெருவின் கோடியில் நிற்கிறது.

அந்தக் காலத்தில் அரசு விளக்குகளை வைத்துப் பார்த்தது. வைத்த விளக்குகளைத் திருடர்கள் உடைத்தார்கள். இருட்டுத்தானே அவர்களுக்குப் பிழைப்பு! அப்போது பாத்ரே ரோக்கோ ஒரு வழி சொன்னார். ஒரு மடத்தில் கிடைத்த பழைய மாதா ஓவியத்துக்குப் பிரதிகள் வரையச் செய்து, தெருமுனைகளில் மாட்டவைத்தார். முந்நூறு படங்கள், நூறு மரச் சிலுவைகள் என்று கணக்குச் சொல்கிறார்கள். ஒவ்வொன்றின் முன்னாலும் விளக்கு. எண்ணெய்க்கு அரசிடம் போகவேண்டாம், அந்தத் தெருக்காரர்களே ஊற்றட்டும் என்பதுதான் ஏற்பாடு. ராஜாவின் விளக்கை உடைத்தவன் மாதாவின் விளக்கில் கை வைக்கத் தயங்கினான். அப்படியே துணிந்தாலும், முறை போட்டு எண்ணெய் ஊற்றுகிற அண்டை வீட்டுக்காரர்கள் சும்மா விடுவார்களா? பிரெஞ்சு ஆட்சி வந்த 1806 வரை, இந்தப் பெருநகரத்துக்கு இரவு வெளிச்சம் என்று இருந்தது இந்த விளக்குகள்தான்.

எனக்கு இதில் பிடித்தது பக்தியைவிடப் பொறுப்பு. அரசின் விளக்கு என்றால் யாரோ ஒருவருடைய விளக்கு. நம் தெரு மாதாவுக்கு நாம் ஏற்றியது என்றால் அதற்குக் காவலும் நாமேதான். பாத்ரே ரோக்கோ இதைப் புரிந்துவைத்திருந்தார்.

சனி

காலையில் திரிபுனாலி தெரு. கிரேக்கர்கள் நகரத்தை அமைத்தபோது போட்ட நேர்க்கோட்டுத் தெருக்களில் ஒன்று, இன்றும் அதே கோட்டில்தான் போகிறது. பிட்சாக் கடை வரிசைகளைத் தாண்டினால் 1638-இல் திறந்த 'புர்கத்தோரியோ ஆத் ஆர்கோ' கோயில் வரும். வாசலில் கல் தூண்களின் மேல் வெண்கல மண்டை ஓடுகள். போகிற வருகிறவர்கள் தொட்டுத் தொட்டு நெற்றிப் பகுதி பொன்னாக மின்னுகிறது. ஒன்றின் மேல் யாரோ புது ரோஜாப்பூ வைத்திருந்தார்கள்.

இந்த ஊர் மாடங்களைப் புரிந்துகொள்ள உத்தரிக்கிற ஆத்துமாக்களைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும். மோட்சம் போகுமுன் பாவம் தீர நெருப்பில் காத்திருக்கும் ஆன்மாக்கள் அவை. மாதா மாடத்துக்குக் கீழே பல இடங்களில் இன்னொரு சிறு கூண்டு உண்டு. கம்பிக்குப் பின்னால், இடுப்பளவு தீயில் நிற்கும் சுடுமண் பொம்மைகள். விரல் நீளம்கூட இராது. ஒரு கூண்டுக்குள் குனிந்து பார்த்தேன். ஒரு பெண், ஒரு கிழவர், தலையில் உச்சி வழித்த ஒரு குருவானவர். எல்லோரும் கைகளை மேலே தூக்கியிருக்கிறார்கள். சிவப்பு வண்ணத் தீ நாக்குகளில் தூசி. கிழவருடைய வலது கை உடைந்து, ஒட்டவைத்த தடம் தெரிகிறது. பேர் தெரியாமல் செத்துப்போனவர்களுக்காக உயிரோடிருப்பவர்கள் வேண்டிக்கொள்வார்கள், அவர்கள் மோட்சம் போனதும் பதிலுக்கு இவர்களுக்காகப் பரிந்து பேசுவார்கள். இப்படி ஒரு கொடுக்கல் வாங்கல் இங்கே பல நூற்றாண்டுகளாக நடந்திருக்கிறது. கூண்டின் ஓரத்தில் பாஸ்போர்ட் அளவுப் புகைப்படங்கள் செருகியிருந்தன. ஒருவர் மீசையோடு, ஒருவர் கால்பந்துச் சட்டையில். அந்தச் சந்தில் வாழ்ந்து போனவர்கள்.

அதே தெருவில் கொஞ்ச தூரத்தில் பியோ மோந்தே என்ற தர்ம சங்கத்தின் கட்டடம். 1602-இல் ஏழு இளம் பிரபுக்கள் சேர்ந்து தொடங்கியது. உள்ளே சிறிய எண்கோணக் கோயில், பீடத்துக்கு மேல் ஓவியர் கரவாஜ்ஜோ 1607-இல் முடித்துக் கொடுத்த 'இரக்கத்தின் ஏழு செயல்கள்' என்ற ஓவியம். ஏறக்குறைய நான்கு மீட்டர் உயரம். முன்னால் நாற்காலி போட்டிருக்கிறார்கள். வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

கரவாஜ்ஜோ வரைந்திருப்பது ஒரு நேப்பிள்ஸ் தெருமுனையை. இரவு நேரம், நெருக்கமான சந்து. மேலே, மாடத்தில் இருக்கவேண்டிய இடத்தில், குழந்தையோடு மாதா எட்டிப் பார்க்கிறாள். சிறகோடு இரண்டு தேவதூதர்கள் தலைகீழாகப் பாய்கிறார்கள். கீழே தெருவில் எல்லாம் ஒரே சமயத்தில் நடக்கிறது. சிறைக் கம்பிக்கு வெளியே நின்று ஒரு மகள் தன் கிழத் தகப்பனுக்குப் பாலூட்டுகிறாள். ஒருவன் தன் மேலங்கியைக் கிழித்து அம்மணமாகக் கிடப்பவனுக்குக் கொடுக்கிறான். சத்திரக்காரன் யாத்ரீகனுக்கு வழி காட்டுகிறான். பின்னால் ஒரு பிணம் போகிறது. தெரிவது இரண்டு பாதங்கள் மட்டுமே. தூக்குகிறவர்களோடு ஒரு குருவானவர் தீப்பந்தம் பிடித்துக்கொண்டு வருகிறார். பந்தத்தின் வெளிச்சம் அவருடைய வெள்ளை உடுப்பில் விழுகிற இடத்தைப் பாருங்கள், படத்தின் கண்ணே அதுதான். மேலே மாதா, கீழே விளக்கு, நடுவில் ஒருவருக்கொருவர் உதவிக்கொண்டிருக்கும் தெரு ஜனம். பாத்ரே ரோக்கோ பிறப்பதற்கு முன்னரே ஒரு வெளியூர் ஓவியன் இதைப் பார்த்துவிட்டான். மூன்று நூற்றாண்டு அல்ல, நான்கு நூற்றாண்டு தாண்டியும் படம் வரைந்து கொடுத்த கோயிலிலேயே இருக்கிறது என்பது கூடுதல் நிறைவு.

நீலோ சிலைக்கு எதிர்க் கடையில் மாரடோனாவுக்கும் ஒரு மாடம் உண்டு, அவருடைய முடி ஒன்றைக் கண்ணாடிக்குள் வைத்திருக்கிறார்கள். 1987-லும் 1990-லும் நேப்பிள்ஸ் இத்தாலியச் சாம்பியன் ஆனது அவர் ஆடிய காலத்தில். பார்த்துவிட்டு நகர்ந்தேன், அங்கே படமெடுக்கிற கூட்டம் அதிகம்.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2021-இல் அதிகாரிகள் இந்த ஊரில் பல மாடங்களையும் சுவரோவியங்களையும் அகற்றினார்கள். கமோரா என்ற குற்றக் கும்பல்களோடு சேர்ந்து செத்த இளைஞர்களுக்கு எழுப்பியவை அவை. செய்தது சரி என்றே நினைக்கிறேன். திருடனைத் தடுக்க வந்த விளக்கு, துப்பாக்கிக்காரனைக் கும்பிட வைக்கக்கூடாது. ஆனால் தன் பிள்ளையின் படத்தை அங்கே மாட்டிய தாய்க்கு இந்த நியாயம் எப்படிப் போய்ச் சேரும் என்று எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கவூர் சதுக்கத்துப் பக்கம் அரிசி வாங்கப் போனேன். இந்தப் பகுதியில் இலங்கைக்காரர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள், பெரும்பாலும் சிங்களவர்கள். கடைக்கார அக்கா நீர்கொழும்பு. என் பையில் இருந்த தமிழ் எழுத்தைப் பார்த்ததும் "தம்பி தமிழா? வாங்கோ" என்றார். எதற்கு வந்தேன் என்று சொன்னதும் கடையை மகனிடம் விட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டார்.

"எங்கட ஊரிலயும் சந்திக்குச் சந்தி கண்ணாடிக் கூட்டுக்குள்ள சுரூபம் இருக்கும் தம்பி. இங்க வந்த புதுசில பாஷை தெரியாது, ஒருத்தரையும் தெரியாது. இந்த மாதாவைப் பார்த்துத்தான் சந்து அடையாளம் வைப்பேன்."

அவர் கூட்டிப்போன மாடம் கார்மேல் மாதாவுடையது. கீழ்ப்பலகையில் "இந்தத் தெருவாசிகளின் பக்தியால்" என்று வெட்டியிருந்தது. அதற்கு நேர் கீழே ஒரே அறை வீடு, கதவு தெருவிலேயே திறக்கிறது. 'பாஸ்ஸோ' என்பார்கள். அந்த வீட்டுப் பாட்டி முக்காலி போட்டு ஏறி, வினிகர் நனைத்த செய்தித்தாளால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நாளைக்கு ஈஸ்டர் அல்லவா! பழைய பிளாஸ்டிக் பூக்களைச் சோப்புத் தண்ணீரில் அலசி, வாசல் கம்பியில் காயவைத்திருந்தார். சுரூபத்தின் மேலங்கியைத் தொடும்போது மட்டும் வெறுங்கை, துணி கிடையாது. விளக்கு இப்போது சிவப்புக் கண்ணாடிக்குள் மின்பல்பு. அதன் வயர் சுவரோரமாக இறங்கிப் பாட்டி வீட்டு ஜன்னலுக்குள் போகிறது. கரண்ட் யார் கணக்கில் என்று அக்காவை விட்டுக் கேட்கச் சொன்னேன். பாட்டி ஏதோ நீளமாகச் சொன்னார். "அவவின்ர கணக்கிலதான். முந்தி தாய், அதுக்கு முந்தி தாயின்ர தாய். அப்ப எண்ணெயாம். காசு தர மற்ற வீட்டுக்காரர் கேட்டாங்களாம், இவ வாங்க மாட்டாவாம். பூவுக்கு மட்டும் எல்லாரும் குடுப்பினமாம்."

திரும்பும் வழியில் சான் ஜென்னாரோ வாசலை நிமிர்ந்து பார்த்தோம். கோட்டை வாசலின் நெற்றியில் மத்தியா பிரேத்தி வரைந்த சுவரோவியம். 1656-இல் கொள்ளைநோய் வந்து ஊரில் பாதிக்கு மேல் செத்தபோது, நகர வாசல்கள் ஒவ்வொன்றிலும் வேண்டுதல் ஓவியம் வரையச் சொன்னார்கள். மிஞ்சியிருப்பது இது. நோய் நீங்க மன்றாடும் புனிதர்களில் ஒருவர் பிரான்சிஸ் சேவியர். முத்துக்குளித்துறையில் பரதவர் குப்பங்களில் மணியடித்துக்கொண்டு நடந்த அதே சவேரியார்தான். அக்கா சிலுவை போட்டுக்கொண்டார். "இவரைத்தானே மன்னாரிலயும் கும்பிடுகினம்" என்றார். வாசலின் ஓரத்தில் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது, அவர் நகரவில்லை.

ஞாயிறு

பொம்பெய் போனது வீடுகளைப் பார்க்க இல்லை. கி.பி. 79-இல் எரிமலைச் சாம்பலில் புதைந்த அந்த நகரத்தின் முச்சந்திகளைப் பார்க்க.

ரோமானியர்களுக்குத் தெருமுனைக் காவல் தெய்வங்கள் உண்டு. 'லாரெஸ்' என்று பெயர். இரண்டு தெருக்கள் சந்திக்கும் இடத்தில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் சுவரோடு சேர்த்து ஒரு சிறு பலிபீடம், அதற்கு மேல் ஓவியம். அபொந்தான்சா தெருவில் ஒரு முனையில் பன்னிரண்டு தெய்வங்களை வரிசையாக வரைந்த சுவர் இருந்தது, அந்தச் சந்துக்கே பன்னிரு தெய்வச் சந்து என்றுதான் இன்று பெயர். ஓவியம் மங்கிவிட்டது. பலிபீடங்கள் பல இடங்களில் நன்றாகவே இருக்கின்றன. முழங்கால் உயரம், மேற்பரப்பில் சற்றுக் குழிவு. தொட்டியின் விளிம்பில், தண்ணீர் பிடிக்க ஊன்றிய கைகள் தேய்த்த வழவழப்பு. பல ஓவியங்களில் பலிபீடத்தை நோக்கி இரண்டு பாம்புகள் ஊர்ந்து வரும். கொண்டை வைத்த பாம்பு ஆண், வைக்காதது பெண். நாகர் கல் பார்த்து வளர்ந்த நமக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் 'கொம்பித்தாலியா' என்ற திருவிழா. அந்த இரவு ஒவ்வொரு குடும்பமும் முச்சந்தி மாடத்தில் கம்பளிப் பொம்மைகளைத் தொங்கவிடும். வீட்டில் சுதந்திரமான ஆள் ஒருவருக்கு ஒரு பொம்மை, அடிமை ஒருவருக்கு ஒரு கம்பளி உருண்டை. உருண்டைக்கு முகம் கிடையாது. இதைப் படித்தபோது மனசு கனத்தது. ஆனால் அதே மாடத்தைப் பராமரிக்கும் பொறுப்பில் அடிமைகளும் விடுதலை பெற்ற அடிமைகளும் இருந்தார்கள். கி.மு. 47, 46 ஆண்டுகளில் பொறுப்பேற்றவர்களின் பட்டியல் பொம்பெய்ச் சுவர் ஒன்றில் எழுதப்பட்டுக் கிடைத்திருக்கிறது. ஊர் அதிகாரத்தில் இடமே இல்லாதவர்களுக்கு, தங்கள் தெருமுனையில் பெயர் எழுதிக்கொள்ளும் உரிமை இருந்தது.

நேற்றுப் பார்த்த மாடத்துப் பாட்டியும் இந்தப் பட்டியல்காரர்களும் செய்தது ஒரே வேலை. மதம் மாறியது, தெய்வம் மாறியது, எண்ணெய் மின்சாரமாக மாறியது. அந்தந்தத் தெருக்காரர் பார்த்துக்கொள்வது என்ற ஏற்பாடு மட்டும் அப்படியே நிற்கிறது. ஆட்சியாளர்களும் இதை அறிந்திருந்தார்கள். அகஸ்டஸ் கி.மு. 7-இல் ரோம் நகரத்தைத் தெருவட்டங்களாகப் பிரித்தபோது, இந்த முச்சந்தி வழிபாட்டைத்தான் அடிப்படையாகப் பிடித்துக்கொண்டார்.

வெயில் கடுமை. இரண்டு மணிக்குமேல் சுற்ற முடியவில்லை.

திங்கள்

ஈஸ்டருக்கு மறுநாள். சாந்த் அனஸ்தாசியா ஊரில் உள்ள மதோன்னா தெல் ஆர்கோ கோயிலின் பெருநாள். நேப்பிள்ஸிலிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர். ரயிலில் நிற்கக்கூட இடமில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தால் சாலை முழுக்க வெள்ளை உடை. தோளில் குறுக்காக நீலப் பட்டை, இடுப்பில் சிவப்புப் பட்டை, வெறுங்கால். 'ஃபுயெந்தி', ஓடுகிறவர்கள். ஒவ்வொரு பேட்டையிலிருந்தும் ஒரு கூட்டம், கொடி, பேண்டு வாத்தியம். ஈஸ்டருக்கு முந்தைய ஞாயிறுகளில் இதே கூட்டங்கள் சந்து சந்தாகப் போய், மாடங்களின் முன்னால் கொடியைத் தாழ்த்தி வணங்கிக் காணிக்கை திரட்டும்.

இந்தப் பெரிய கோயிலும் முதலில் வெறும் சாலையோர மாடம்தான். பக்கத்தில் பழைய நீர்வழி வளைவுகள், அதனால்தான் 'வளைவு மாதா'. 1450-இல் இதே ஈஸ்டர் திங்களன்று இங்கே பந்து விளையாடிய ஒருவன் தோற்றுவிட்டு, ஆத்திரத்தில் பந்தை மாதாவின் முகத்தில் எறிந்தான், கன்னத்தில் ரத்தம் கசிந்தது என்பது தலபுராணம். அவனை அங்கேயே மரத்தில் தூக்கிலிட்டார்களாம், மரமும் பட்டுப்போனதாம். கதையின் இந்தக் கொடூரத்தை யாரும் மென்மையாக்கிச் சொல்வதில்லை. கூட்டம் பெருகி, 1593-இல் கோயிலுக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஓவியத்தைப் பெயர்க்காமல், அது இருந்த சுவரைச் சுற்றியே பளிங்கு மண்டபமும் கோயிலும் எழுந்தன.

உள்ளே போக வெகுநேரம் ஆனது. வாசலைத் தாண்டியதும் அவர்கள் ஓடத் தொடங்குகிறார்கள். வழியெல்லாம் நடந்து பாதம் வெடித்த ஆட்கள், கடைசி முப்பது நாற்பது மீட்டரை ஓடியே கடக்கிறார்கள். பீடத்துக்கு முன்னால் விழுகிறவர்கள், மயங்குகிறவர்கள், முழங்காலில் ஊர்கிறவர்கள். ஸ்ட்ரெச்சரோடு தொண்டர்கள் தயாராக நிற்கிறார்கள். எனக்கு முன்னால் ஒரு வாட்டசாட்டமான ஆள், கழுத்தெல்லாம் பச்சை குத்தியவர், குழந்தை மாதிரி ஏங்கி ஏங்கி அழுதார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. நானும் பார்வையை எடுத்துக்கொண்டேன். கூட்டத்தோடு தள்ளிக்கொண்டு போய் மாதாவை ஒரு நிமிஷம் பார்த்தேன். இடது கன்னத்தில் அந்தக் கறை தெரிகிறது.

நேர்த்திப் பலகைகளைத்தான் ஆற அமரப் பார்த்தேன். பதினாறாம் நூற்றாண்டு முதல் ஆயிரக்கணக்கில் சேர்ந்தவை. கைக்கடக்கமான மரப்பலகை, மலிவான வண்ணம். ஏணியிலிருந்து விழுகிறவன், கட்டிலில் கிடக்கும் பிரசவத் தாய், அலையில் சாயும் படகு. மேல் மூலையில் மேகத்துக்குள் மாதா. நேர்ந்துகொண்டு அருள் பெற்றதைக் குறிக்கும் லத்தீன் எழுத்துகள் நான்கு கீழே. எழுதத் தெரியாதவர்களின் வாழ்க்கை வரலாறு இவ்வளவு விவரமாக வேறெங்கும் நான் பார்த்ததில்லை. கட்டில் விரிப்பின் கோடு, அடுப்பு, பானை, வைத்தியர் தொப்பி, எல்லாம் இருக்கிறது. பிற்காலப் பலகைகளில் மோட்டார் கார்கள் வந்துவிடுகின்றன.

நேப்பிள்ஸ் போகிறவர்கள் ஈஸ்டர் சமயத்தில் போனால் இந்தத் திங்களைத் தவறவிடாதீர்கள். தண்ணீர் பாட்டில் கையில் இருக்கட்டும். கோயிலுக்குள் கேமராவைத் தூக்காமல் இருப்பது நல்லது.

நாளை காலை ரயிலில் ரோம். அங்கே தெருமுனை மாதாக்களை 'மதோன்னெல்லே' என்பார்கள். 1796-இல் நெப்போலியனின் படை இத்தாலிக்குள் இறங்கிவந்தபோது, ஜூலை 9 அன்று ரோமின் ஒரு சந்து மாதா கண்ணை அசைத்தாள் என்று ஊர் திரண்டது. அந்தப் படத்துக்கு இப்போது ரோமின் மிகச் சிறிய மாதா கோயில் வீடாக இருக்கிறது. ட்ரெவி நீரூற்றுக்குப் பக்கத்துச் சந்து. பெட்டியை வைத்ததும் முதலில் அங்கேதான்.